யாரும் இறங்கவில்லை

என் அண்ணி ஓட்டும் வண்டியில் ஏறினால் தூக்கம் வரும். வண்டி ஓட்டுகிறவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அப்படிப்பட்டவரைப் பார்த்து, "ஓட்டத் தெரியல" என்று கார் கம்பெனி சர்வீஸில் ஒருத்தர் சொல்லிவிட்டார். சொன்ன வாயாலேயே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வைத்தார் அண்ணி. அந்தக் கதைதான் இது.

அண்ணி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது, அண்ணி ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறாரே தவிர பிடித்தது கிடையாது. அண்ணன் ஆசை ஆசையாக வாங்கிய ஏழு பேர் உட்காரும் வண்டி வாசலில் நின்றது. ஓட்டத் தெரிந்தவர் கட்டிலில் கிடந்தார். "நானே ஓட்டிக்கறேன்" என்றார் அண்ணி. லைசென்ஸ் தேர்வில் முதல் தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்துவிட்டார். அடுத்த தடவை தேர்வு வைத்த அதிகாரி கம்பத்தையும் தன்னையும் நாலடி தள்ளி நிறுத்திக்கொண்டாராம். இது அண்ணியே சொல்லிச் சிரிப்பது.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு டயாலிசிஸ் சென்டருக்குப் போகவர இருந்ததில், வழியில் இருந்த இன்னும் மூன்று பேர் ஒட்டிக்கொண்டார்கள். முதலாமவர் டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நோய் வந்தால் எல்லாரும் இளைப்பார்கள். இவர் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, மலை மாதிரி இருப்பார். அடுத்தது தையலக்கா. கையில் இருக்கும் கத்தரியை விட வாய் கூர்மை. மூன்றாமவர் பேங்க்காரர், கால் வராது, அவருக்கென்றே ஒரு சக்கர நாற்காலி எப்போதும் வண்டியின் மேலே கேரியரில் கட்டப்பட்டிருக்கும். முன் சீட்டில் இடம் இருந்தாலும் மூவரும் நடுச் சீட்டில்தான் உட்காருவார்கள். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் சண்டை போட வசதி.

அண்ணன் இறந்த அதே வாரம், விடியும் நேரத்தில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டு நான் அடுத்த வீட்டிலிருந்து ஓடினேன்.

"அண்ணி, எங்க கிளம்பிட்டீங்க?"

"மாஸ்டர் காத்துட்டு இருப்பாரு, தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து அந்த ஓட்டம் நிற்கவில்லை. பிறகு சென்டரே அவரை முறையாக ஓட்டுநராகச் சேர்த்துக்கொண்டது. சமையற்கட்டு வேலையை விட்டார். பிழைப்பு என்று பார்த்தால் அது ஒன்றும் பெரிய பிழைப்பில்லை. ஆனால் அந்த மூன்று பேர் இல்லாமல் அண்ணிக்குப் பொழுது விடியாது, அண்ணி இல்லாமல் அவர்களுக்கும் விடியாது.

சனியன் பெட்ரோல் பம்ப் வழியாக வந்தது. பெட்ரோலை இஞ்சினுக்குத் தள்ளிவிடும் பம்ப் கெட்டுப்போனது. கண்ட பட்டறையில் காட்டக் கூடாது, நோயாளிகள் ஏறும் வண்டி என்று, வாங்கின கம்பெனியின் சர்வீஸிலேயே கொடுத்து மாற்றினார் அண்ணி. புது பம்ப் போட்டு, குளிப்பாட்டி, பொட்டு வைக்காத குறையாகக் கொடுத்தார்கள். அடுத்த ஓட்டத்திலேயே ரயில் பாலத்தை ஒட்டிய வேகத்தடையில் ஏறி இறங்கிய வண்டி, "டப்" என்று அணைந்தது. பின்னால் லாரிகள் கத்தின. அண்ணி பதறாமல் ஒவ்வொருவராக இறக்கி, பேங்க்காரரை நாற்காலியில் வைத்து, நிழலில் நிறுத்தினார். பிறகு சாவியைத் திருப்பினால் வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. எல்லாரையும் திரும்ப ஏற்றினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் டப்.

இதில் எரிச்சலைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சென்டரில் ஒருவருக்கு இவ்வளவு நேரம் என்று மெஷின் ஒதுக்கியிருப்பார்கள். தாமதமாகப் போனால் அந்த நேரம் குறையும். குறைந்தால் வெளியே போக வேண்டிய நீர் உடம்பிலேயே தங்கும். அன்று மாஸ்டருக்கு ராத்திரி முழுக்க மூச்சு வாங்கியது.

சர்வீஸுக்குப் போனார் அண்ணி. பார்த்துவிட்டு, "வண்டி நல்லா இருக்கு மேடம்" என்றார்கள். மறுபடி நின்றது, மறுபடி போனார். "கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தோம், ஒண்ணும் காட்டல." மூன்றாம் தடவை சர்வீஸ் மேனேஜரே வெளியே வந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பேனா; அதை டக் டக் என்று அமுக்கிக்கொண்டே பேசுவார்.

"மேடம், நீங்க கிளட்ச்ச சரியா விடுறதில்லன்னு நினைக்கிறேன். லேடீஸ் நிறைய பேருக்கு அது வரும்."

"எனக்கு வர்றதில்ல."

"இல்லன்னா பெட்ரோல் எங்க போடுறீங்கன்னு பாருங்க."

அதோடு விட்டிருந்தால்கூட அண்ணி பொறுத்திருப்பார். சென்டரின் பெரிய நர்ஸம்மா, வண்டி ஏன் அடிக்கடி நிற்கிறது என்று விசாரிக்க சர்வீஸுக்கே போன் போட்டிருக்கிறார். "வண்டியில குறை இல்ல, ஓட்டுறவங்களப் பாருங்க" என்று மேனேஜர் பதில் சொல்லியிருக்கிறார். நர்ஸம்மா அண்ணியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உங்கள எனக்குத் தெரியும். ஆனா மேல கேக்கறாங்க. இன்னொரு தடவ வண்டி நின்னா வேற ஆள வெச்சிருவாங்க. என் கையில இல்லம்மா."

அன்று மாலை அண்ணி சாப்பிடவில்லை. அண்ணன் போனபோதுகூட அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. நான் கேட், கிரில் அடிக்கிற பட்டறைக்காரன். எனக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான்.

"நாளைக்கு நானும் வர்றேன் அண்ணி. அந்த ஆள் சட்டையக் கொத்தாப் பிடிச்சேன்னு வெச்சுக்கங்க, பேனா தானா கீழ விழும்."

"நீ வந்தா வண்டிய விட்டுட்டு உன்னத்தான் மீட்டுட்டு வரணும். சும்மா இரு."

மறுநாள் மூவருக்கும் மெஷின் இல்லாத நாள். நான்காம் தடவையாக சர்வீஸுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார் அண்ணி. கிளம்புவது என்றால் சாதாரணமாக இல்லை. வண்டியை யார் கையில் கொடுத்தாலும் பளிச்சென்று கொடுக்க வேண்டும் அவருக்கு. பைகள், போர்வைகள், தலையணை, கேரியரில் இருக்கும் நாற்காலி எல்லாம் இறக்கியாகிவிட்டது. கால் மிதியைச் சுவரில் அடித்துத் தூசி தட்டிவிட்டு, சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் குறை சொல்லக் கூடாது என்று வீட்டைக் கழுவிவிடுகிற கைதானே, வண்டியையும் விடாது.

தைத்த ஜன்னல் திரையைக் கொடுக்க வந்த தையலக்கா, கேட்டைப் பிடித்தபடி இதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா பண்ற?"

"சர்வீஸுக்குப் போறேன்க்கா."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு சிங்காரம்?"

"அழுக்கா குடுத்தா என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைச்சா உனக்கென்ன? டாக்டரப் பாக்கப் போறப்ப காய்ச்சல வீட்டுல கழட்டி வெச்சுட்டா போவோம்?" தையலக்கா உள்ளே வந்து படியில் உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணு சொல்லு. இது எப்ப நிக்குது? நாங்க உள்ள இருக்கறப்ப. எப்ப கிளம்புது? எங்கள இறக்கினப்புறம். அங்க ஓட்டிட்டுப் போறப்ப நாங்க இருக்கோமா? நீ மட்டும் வாசனை வர்ற வண்டியில ராணி மாதிரி போய் இறங்கற. அவங்களும் காலி வண்டிய ஓட்டிப் பாத்துட்டு நல்லா இருக்குங்கறாங்க. அவங்க ஓட்டின வண்டி நல்லாத்தான் இருக்கு!"

அண்ணியின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் ஒவ்வொரு தடவையும் குற்றவாளியை நாங்களே குளிப்பாட்டி, அடையாளம் தெரியாமல் ஆக்கி, கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறோம்.

"தம்பி, நாற்காலிய மேல ஏத்து" என்றார் அண்ணி. பைகள் திரும்ப உள்ளே போயின. மாஸ்டருக்குப் போன் போட்டார்.

"மாஸ்டர், இன்னைக்கு வீட்டுலதானே இருக்கீங்க?"

"எனக்கென்ன ஒலிம்பிக்ஸா இருக்கு? வீட்டுலதான்."

"ஒரு சண்டைக்குப் போறோம். வர்றீங்களா?"

"சட்டையப் போட்டுட்டு வாசல்ல நிக்கறேன்" என்றார் மாஸ்டர்.

நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். சண்டை போட இல்லை, சாட்சிக்கு மட்டும் என்று சத்தியம் வாங்கிவிட்டுத்தான் ஏற்றினார். மாஸ்டரையும் பேங்க்காரரையும் ஏற்றிக்கொண்டு போகும் வழியெல்லாம் அண்ணி வேகத்தடை கண்ட இடத்தில் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஏற்றினார். கம்பெனிக்குப் போய்ச் சேருவதற்குள் நின்றுவிடக் கூடாதே.

சர்வீஸ் கூடத்தில் கண்ணாடிச் சுவர், குளிரூட்டிய காற்று, தரையில் முகம் தெரிந்தது. வண்டி உள்ளே நுழைந்ததும் கழுத்தில் அட்டை மாட்டிய பெண் ஒருத்தி ஓடி வந்தாள்.

"எல்லாரும் இறங்கிருங்க. டிரைவர் மட்டும்தான் உள்ள போகணும். உங்களுக்கு லவுஞ்ச் இருக்கு. காபி, ஜூஸ் எல்லாம் ஃப்ரீ."

டயாலிசிஸ்காரர்கள் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர் ஒவ்வொரு மடக்கும் கணக்கு. மாஸ்டரின் தொண்டை ஏறி இறங்கியது.

"ஜூஸுன்னா என்ன ஜூஸும்மா?" என்றார் மெதுவாக.

"மாஸ்டர்!" என்று அதட்டினார் தையலக்கா. "ஜூஸக் காட்டி இறக்கப் பாக்கறாங்க. நகராதீங்க."

"சும்மா கேட்டேன். கேக்கறதுல தண்ணி ஏறாது."

பேங்க்காரர் கண்ணாடியை இறக்கி, "நாங்க இறங்க மாட்டோம்மா. உங்க மேனேஜர வரச் சொல்லுங்க. பொறுமையா வரட்டும், எங்களுக்கு இன்னைக்கு வேற வேலை இல்ல" என்று அழகாகச் சொன்னார். நாற்பது வருடம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வந்தவர்களைக் காக்க வைத்தவர். காத்திருப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

மேனேஜர் வந்தார். வண்டிக்குள் இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் பேனா நின்றது.

"மேடம், மூணு தடவ பாத்தாச்சு. வண்டியில ஒரு குறையும் இல்ல."

"நீங்க பாத்தது காலி வண்டி சார். நான் ஓட்டறது ஆள் ஏத்தின வண்டி. அதப் பாருங்க."

"வண்டிக்கு எல்லாம் ஒண்ணுதான் மேடம்."

"அப்ப ஓட்டிப் பாக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

பக்கத்தில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் ஓட்டுநர் சீட்டில், மேனேஜர் முன்னால், மூவரும் நடுவில், அண்ணியும் நானும் பின்னால். காம்பவுண்டுக்குள் ஒரு சுற்று. பாலிஷ் போட்ட தரை. வண்டி வெண்ணெயில் போவது போலப் போனது.

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர்.

"வெளிய போங்க."

"டெஸ்ட் காம்பவுண்டுக்குள்ளதான் மேடம். அது எங்க முறை."

"மூணு தடவையும் இங்கயே சுத்திட்டுத்தான் எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னீங்களா?"

மெக்கானிக் கண்ணாடி வழியாக அண்ணியை ஒரு தடவை பார்த்தார். மேனேஜரைக் கேட்காமலே வண்டியை கேட்டுக்கு வெளியே விட்டார்.

முதல் வேகத்தடை. ஒன்றும் இல்லை. இரண்டாவது வேகத்தடை. ஒன்றும் இல்லை. நடுத்தெருவில் நிற்கும் சனியன், இன்றைக்குப் பார்த்து நல்ல பிள்ளையாகிவிட்டதே. மேனேஜர் பாதி திரும்பி, சிரிக்கலாமா என்று யோசிப்பது போல இருந்தார். அந்தச் சிரிப்பு முழுசாக வந்துவிட்டால் அண்ணியின் ஓட்டம் போனதுதான்.

தையலக்கா திடீரென்று, "மாஸ்டர், கைய எடுங்க!" என்றார்.

பார்த்தால், மாஸ்டர் மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைச் சீட்டிலிருந்து பாதி தூக்கி வைத்திருக்கிறார். முகம் சிவந்து போயிருந்தது.

"என்ன பண்றீங்க?"

"வேற ஆள் ஓட்டுறாருல்ல, பயமா இருக்கு."

"கூட்ட பஸ்ல போற மாதிரி தொங்கிட்டு இருந்தா பாரம் எப்படி எறங்கும்? ஒழுங்கா உக்காருங்க, கனமா உக்காருங்க!"

"கனமா உக்காருன்னு என்னைப் பாத்து யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல" என்று மாஸ்டர் கையை விட்டார். சீட்டு முனகியது. மூன்றாவது வேகத்தடை வந்தது. முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது.

டப்.

நடுரோட்டில், பின்னால் பஸ் ஹாரன் அலற, வண்டி செத்து நின்றது. உள்ளே நாங்கள் கைதட்டினோம். பேங்க்காரர் விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்க வரும் என்றே யாருக்கும் தெரியாது. வண்டி நின்றுபோனதற்குக் கொண்டாடிய கூட்டம் அந்தத் தெருவில் நாங்களாகத்தான் இருக்கும்.

மெக்கானிக் சாவியைத் திருப்பினார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். இல்லை.

"கிளட்ச் சரியா விட்டீங்களா தம்பி?" என்று அக்கறையாகக் கேட்டார் தையலக்கா.

மேனேஜர் கதவைத் திறந்தார். "எல்லாரும் கொஞ்சம் இறங்குங்க, ஓரமாத் தள்ளிரலாம்."

"யாரும் இறங்கக் கூடாது!" அண்ணியின் சத்தம் பஸ் ஒலியை அடக்கியது. "இறங்கினா கிளம்பிரும். கிளம்பினா வண்டி நல்லா இருக்கும்பீங்க. மாஸ்டர், இப்ப அந்தக் கைப்பிடியப் பிடிங்க. எந்திரிங்க."

மாஸ்டர் எக்கினார். "தம்பி, சாவியத் திருப்புங்க." திருப்பினார். இஞ்சின் உயிர் பெற்றது. "மாஸ்டர், உக்காருங்க." உட்கார்ந்தார். இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது. "எந்திரிங்க." கிளம்பியது. "உக்காருங்க." அணைந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை எத்தனையோ வருடம் உட்கார் எழு என்று படுத்தியவர், அன்று சத்தமில்லாமல் அந்தக் கணக்கைத் தீர்த்தார்.

மாஸ்டரை எக்கியபடி இருக்கச் சொல்லி, வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மரத்தடியில் எல்லாரையும் இறக்கியபின் மெக்கானிக் நடுச் சீட்டைக் கழற்றித் தூக்கினார். அதற்கு நேர் அடியில்தான் பம்ப் இருந்தது. புது பம்புக்குப் போகும் வயரை, அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் பதிக்காமல், மேலே அப்படியே படர விட்டிருந்தார்கள். சீட்டின் இரும்புக் கால் அதன் மேலேயே உட்கார்ந்து நசுக்கியிருந்தது. பாரம் ஏறினால் வயர் அறுந்தது போல ஆகும். இறங்கினால் மறுபடி ஒட்டும்.

மெக்கானிக் நல்ல மனுஷன். நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சார், இது நம்ம வேலைதான்."

மேனேஜர் அந்த வயரைக் குனிந்து பார்த்தார். பேனாவைப் பையில் செருகிவிட்டு, "மேடம், புது வயர் போட்டு, எல்லாத்தையும் இன்னைக்கே சரி பண்ணிக் குடுத்துடறோம். ஒரு வருஷத்துக்கு சர்வீஸ் ஃப்ரீயா..." என்று ஆரம்பித்தார்.

"வயரப் போடுங்க. அது உங்க கடமை" என்றார் அண்ணி. "ஃப்ரீ எல்லாம் எனக்கு வேணாம். ஓட்டத் தெரியலன்னு சென்டர்ல சொன்னீங்களே, அத யாரு சரி பண்ணுவாங்க?"

"போன் பண்ணி..."

"போன்ல சொன்னதாலதான் வந்த வினை. நேர்ல வாங்க."

மதியத்துக்குள் வயர் மாறியது. மெக்கானிக்கே மூவரையும் ஏற்றிக்கொண்டு போய், ரயில் பாலத்து வேகத்தடையில் வேண்டுமென்றே குதிக்க விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அண்ணி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். நடுச் சீட்டைக் கழற்றும்போது எடுத்த பைகளும் போர்வைகளும் முன் சீட்டில் இருந்தன. அவர் அவற்றை எடுக்கவில்லை. பேங்க்காரரைத் தூக்கி என் பக்கத்தில் பின்னால் உட்கார வைத்துவிட்டதால், மேனேஜர் நடுச் சீட்டில், மாஸ்டருக்கும் தையலக்காவுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தார். இஸ்திரி கசங்கியது. வழி முழுக்க தையலக்கா அவரிடம், எந்தத் துணிக்கு எந்த நூல் போட வேண்டும், தப்பான நூலைப் போட்டுவிட்டு உடம்பைக் குறை சொல்லும் தையல்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விளக்கிக்கொண்டே வந்தார்.

சென்டரில் பெரிய நர்ஸம்மா மேசைக்குப் பின்னால் இருந்தார். மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"தப்பு எங்க மேல மேடம். பம்ப் போடறப்ப நாங்க சரியா போடல. இவங்க ஓட்டுறதுல..."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார் நர்ஸம்மா. "உள்ள மெஷின்ல இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும். எல்லாரும் இதத்தான் பேசிட்டு இருக்காங்க."

அவர் சத்தமாகச் சொன்னார். "இவங்க ஓட்டுறதுல ஒரு குறையும் இல்ல. நான் தெரியாம சொல்லிட்டேன்." வரிசையாகக் கட்டிலில் படுத்திருந்தவர்கள், குழாய் சொருகாத கையைத் தூக்கினார்கள். நர்ஸம்மா உடனே மேலிடத்துக்குப் போன் போட்டு, "வேற ஆள் யாரும் வேணாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுதாரா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் மேனேஜர், "என்னைக் கொஞ்சம் சர்வீஸ்ல விட்டுடறீங்களா? ஒரு மீட்டிங் இருக்கு" என்றார்.

"முடியாதவங்க மொதல்ல. வரிசைப்படிதான் இறக்குவேன்" என்றார் அண்ணி.

பேங்க்காரரை அவர் வீட்டு வாசலில் இறக்கி, நாற்காலியில் வைத்து, சரிவில் தள்ளிக்கொண்டு போய் விட்டோம். மேனேஜரும் ஒரு கை கொடுத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். மாஸ்டரை இறக்கினோம். தையலக்கா இறங்கும்போது, "சட்டை தையல் விட்டுப்போச்சுன்னா கொண்டு வாங்க சார், நல்லா தெச்சுத் தர்றேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். கடைசியாகத்தான் கண்ணாடிக் கட்டடம் வந்தது. வழியில் எத்தனை பள்ளம், எத்தனை மேடு. மேனேஜர் இரண்டு தடவை கண்ணயர்ந்து விழித்ததை நான் பார்த்தேன்.

இறங்கிவிட்டு, குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னார்: "நல்லா ஓட்டுறீங்க மேடம்."

"தெரியும்" என்றார் அண்ணி. "கதவ நல்லா சாத்துங்க."